நத்தை பார்க்கும் பிள்ளை

யாரோ கல் பிள்ளையின் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். காலடியில் ஊதுபத்திக் குச்சிகள் மழையில் நனைந்து சாய்ந்து கிடந்தன. பிரித்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று, அதன் மேல் எறும்பு. ஒரு தட்டில் குழைந்துபோன மாவு. சுற்றியிருந்த பெரணிச் செடிகளின் மேலெல்லாம் பாக்கு மென்று துப்பிய சிவப்பு எச்சில். பெக்ஹா துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அந்த ஊர்த் தாவரப் பூங்காவில் அவள் நாற்றங்கால் வேலைக்காரி. மண் சலிப்பது, தொட்டி மாற்றுவது, பதியன் போடுவது எல்லாம் அவள் பாடு. ஆனால் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சீமைப்பலா மரத்தடிக்கு வந்துவிடுவாள். அங்கேதான் அந்தக் கல் பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தரையில் ஊரும் ஒரு கல் நத்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெக்ஹா ஈரத் துணியால் அதன் முகத்தைத் துடைப்பாள், காதுக்குப் பின்னால் பிடித்த பாசியை நகத்தால் சுரண்டுவாள், பிறகு வேலைக்குப் போவாள். மேற்பார்வையாளர் கேட்டால் சிலைகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்வாள். பூங்காவில் இருந்த மற்ற ஒன்பது சிலைகளையும் அவள் தொட்டதே இல்லை.

நாற்றங்காலில் உடன் வேலை பார்க்கும் ஆபுன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

“அட, இங்கயும் வந்துட்டானுங்களா? போன மாசம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கெடக்குற பாறைகிட்ட சூதாட்டத்துக்கு நம்பர் கேட்டுட்டிருந்தானுங்க. அதுக்கு முன்னாடி யாரோ புதைச்ச நாயோட குழிமேல. இப்ப நம்ம பக்கம் அடிச்சிருக்கு யோகம்.”

“கேக்கறவன் அந்த வாத்து முட்டைகிட்டப் போய்க் கேக்க வேண்டியதுதானே?” என்றாள் பெக்ஹா. சிவப்புத் துணியின் முடிச்சு ஈரத்தில் இறுகி, அவிழ மறுத்தது.

வாத்து முட்டை என்பது தைபேயிலிருந்து வந்த ஒரு பெரிய சிற்பி செய்த வெள்ளைப் பளிங்குச் சிலை. குளக்கரையில் இருந்தது. அதன் பெயர்ப்பலகையில் ‘காலத்தின் மௌனம்’ என்று எழுதியிருந்தது. வேலைக்காரர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

“முட்டைக்கு ஏதுக்கா ஆவி?” ஆபுன் சிரித்தாள். “நல்ல சாமி சூதாட்டத்துக்கு நம்பர் சொல்லாது, வெக்கப்படும். வீடு வாசல் இல்லாத ஆவிதான் ரெண்டு பிஸ்கட்டுக்கு எல்லாத்தையும் கக்கும். இது யாரோ செத்துப்போன பொண்ணாமே. இதைச் செஞ்சவரோட சொந்தப் பொண்ணுன்னு பேசிக்கறாங்க. கல்யாணமாகாம செத்தது, சோறு வைக்க ஆளில்லாம அலையுதாம்.”

பெக்ஹாவின் கை நின்றுவிட்டது. ஆபுன் இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சிலை யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. அது யார் பிள்ளை என்று பூங்காவில் ஒருத்தருக்கும் தெரியாது.

“யார் சொன்னா?”

“யார் சொன்னான்னு எப்படிக்கா சொல்றது? டீக்கடையில பேசிக்கிட்டாங்க.”

துணி கையோடு கிழிந்து வந்தது. பெக்ஹா அதைச் சுருட்டி உரக்குழிக்குள் எறிந்தாள்.

அந்த வருஷம் ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. ‘எல்லாருக்கும் சந்தோஷம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் அந்தச் சூதாட்டத்துக்கு. பத்து நாளைக்கு ஒருமுறை அரசாங்க லாட்டரிக் குலுக்கல், அதன் கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் பந்தயம். குலுக்கல் நாளில் தொழிற்சாலை ஓடாது, வயலில் ஆள் இருக்காது. பன்றி வெட்டுகிறவனும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே வானொலியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தவன் நம்பர் சொன்ன சாமிக்கு ஆட்டம் பாட்டம் வைப்பான். தோற்றவன் அதே சாமியின் தலையை வெட்டி ஆற்றில் வீசுவான். அந்த வருஷம் ஆற்று மணலில் கையும் தலையும் இல்லாத மரச் சாமிகள் ஒதுங்கிக் கிடந்தன. பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், அடுத்த குலுக்கலுக்கு வேறு சாமி தேடினார்கள். மனுஷ ஜென்மம் இவ்வளவு கேவலமாகிப் போகுமா என்று கேட்டால், அந்த வருஷம் போனது.

பிள்ளையின் பெயர் லியன், பெக்ஹாவின் மகள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள், நான்கு வருஷத்துக்கு முன்னால். மகன் செத்திருந்தால் வீட்டுப் பூஜை மாடத்தில் முன்னோர் வரிசையில் பெயர் எழுதிய பலகை ஒன்று கிடைத்திருக்கும். மகளுக்கு அது கிடையாது. பெண் பிள்ளை புருஷன் வீட்டுக்காரி. புருஷன் வருவதற்கு முன்னால் செத்தால் அவள் எந்த வீட்டுக்காரியும் அல்ல. மாமியார் இருந்த வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. சாம்பலை மலைமேல் இருந்த பெண் துறவிகளின் மடத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். பெக்ஹா ஒருமுறை போனாள். நூறு சின்ன மண்கலயங்களுக்கு நடுவில் தன் மகள் எது என்று தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு போகவில்லை.

அவள் புருஷன் கிம்தோ கல் கொத்துகிறவன். கல்லறைக் கல்லும் கோயில் சிங்கமும் அவன் பிழைப்பு. போன வருஷம் நகரசபை, பூங்காவில் மரங்களுக்கு நடுவே சிலைகள் வைப்பதென்று முடிவு செய்தது. பெரிய பெரிய பெயர்களோடு கூடவே உள்ளூர்ப் பெயர் ஒன்றும் வேண்டும் என்று கிம்தோவைக் கேட்டார்கள். சிங்கம்தான் செய்வான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் சாம்பல் கல்லில் மகளைச் செய்து, “இதைச் சீமைப்பலா மரத்துக்கிட்ட வைங்க. வெயில் படாம இருக்கும்” என்று மட்டும் சொன்னான். பெயர்ப்பலகையில் ‘கிராமியச் சிறுமி’ என்று போட்டார்கள். வீட்டுக்கு வந்து பெக்ஹாவிடம், “இனிமே தெனமும் அவளைப் பாக்கலாம்” என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குச் செய்த ஒரே காரியம் என்று அவள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் ஒருநாளும் அந்தச் சிலைக்கு ஊதுபத்தி கொளுத்தியதில்லை. கொளுத்தினால் செத்தவள் என்று ஆகிவிடும்.

அன்று மாலை சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கஞ்சியும் ஊறுகாய் முள்ளங்கியும் வைத்தாள். கிம்தோ ஒரு பொட்டலம் வறுத்த வாத்துக்கறி வாங்கி வந்திருந்தான். நாளும் கிழமையும் இல்லாமல் வாத்துக்கறி ஏது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

“அவகிட்ட நம்பர் கேக்க வர்றானுங்க.”

“யார்கிட்ட?” அவன் எலும்பை உறிஞ்சினான்.

“லியன்கிட்ட. ஊதுபத்தி வெச்சிருக்கானுங்க. செத்துப்போன உன் பொண்ணுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயாவது சொன்னியா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

“அப்ப எப்படித் தெரிஞ்சுது?”

“கல்லைக் கண்டா கும்புடற ஊரு இது. நாலு நாள் கும்புட்டுட்டு வேற எங்கயாவது போவானுங்க. சாப்பிடு.”

“கொண்டாந்து வீட்டுல வெச்சிருவோம்யா. கொல்லையில.”

“நகரசபைச் சொத்து. நெனச்சா தூக்கிட்டு வர்றதுக்கு நம்ம வீட்டு உரலா?” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியை ஊதிக் குடித்தான். “கைய வெச்சா கேஸ் ஆயிடும்.”

நாலு நாளில் போகவில்லை. காலையில் பூங்காக் கதவு திறக்கும் முன்பே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வாசலில் நின்றன. சீமைப்பலாவின் அடிமரத்தில் மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதம் ஒட்டினார்கள். தட்டில் மாவைப் பரப்பி வைத்துவிட்டு, விடிந்ததும் அதில் எறும்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்து இது எட்டு, இது மூன்று என்று அடித்துக்கொண்டார்கள். காணிக்கையாகப் பொம்மை, மிட்டாய், லிப்ஸ்டிக், குழந்தைச் செருப்பு. ஒருவன் கல் நத்தையின் ஓட்டில் எத்தனை சுற்று இருக்கிறது என்று நெருப்புக்குச்சி வைத்துப் பார்த்தான். பெரணிப் பாத்தி மிதிபட்டுச் சேறாயிற்று. பிள்ளையின் முகம் புகையில் கறுத்துவிட்டது. பெக்ஹா எவ்வளவு தேய்த்தும் மூக்கோரத்துக் கறுப்பு போகவில்லை. அவள் துடைப்பதைப் பார்த்த ஒரு கிழவன், “மெதுவாம்மா, குட்டியம்மாவுக்குக் கோவம் வந்துறப் போவுது” என்றான். அவன் வாயில் புழுத்த பல்லும் பாக்கு நாற்றமும்.

அவள் மேற்பார்வையாளர் தியூனிடம் போனாள். அவர் மின்விசிறிக்கு அடியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், அந்தச் சிலையைக் கொஞ்ச நாளைக்குக் கிடங்குல வெச்சிரலாம் சார். செடியெல்லாம் நாசமாகுது.”

“நாசம்னு எப்படிச் சொல்றே? இந்தப் பூங்காவுக்கு இவ்வளவு கூட்டம் எப்பவாவது வந்திருக்கா?” தியூன் சந்தோஷமாகத்தான் இருந்தார். “மேல இருந்து பாராட்டியிருக்காங்க. அந்த முட்டையை ஒருத்தன் திரும்பிப் பாக்கலையே! கலை மக்கள்கிட்டப் போய்ச் சேந்திருக்கும்மா.”

“கலையைப் பாக்கவா சார் வர்றானுங்க?”

“எதுக்கு வந்தா என்ன? வர்றானுங்க.” அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆமா, நீதானே தெனமும் துடைக்கற? கையில ஏதாவது… தட்டுப்பட்டுச்சா? கோடு, புள்ளி, அந்த மாதிரி?”

பெக்ஹா வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவினாள். எதைத் தொட்டாள் என்று கழுவுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த குலுக்கல் முடிந்த மறுநாள் பிற்பகல் மழை ஓய்ந்திருந்தது. பெக்ஹா நாற்றங்காலில் செம்பருத்திப் பதியன்களுக்கு நிழல்வலை கட்டிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி அலறியது. ஆபுன் ஓடி வந்தாள்.

“அக்கா, வா வா! எவனுக்கோ அடிச்சிருச்சாம். நேர்த்திக்கடன் செலுத்த வண்டி வந்திருக்கு. ஆட்டக்காரி வண்டி!”

“என்ன வண்டி?”

“அதான்க்கா, கலர் லைட்டு போட்டு, பாடிக்கிட்டே ஒண்ணொண்ணா அவுத்துப் போடுவாளுங்களே. கோயில்லகூட வைக்கிறானுங்களே இப்பல்லாம்.”

பெக்ஹா வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் ஒரு சின்ன லாரி பின்பக்கமாக ஏறி, சீமைப்பலாவுக்கு எதிரே மேடையைத் திறந்துவைத்திருந்தது. பகலிலேயே சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். சக்கரம் பெரணிப் பாத்தியின் மேல். ஐம்பது அறுபது ஆண்கள், செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பிள்ளை. அதற்கு நல்ல இடம் வேண்டும் என்று முன்னால் இருந்தவர்களை விலக்கிவிட்டிருந்தார்கள்.

மேடையின் ஓரத்தில் ஆட்டக்காரி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, மூங்கில் இலையில் மடித்த சோற்றுருண்டையைத் தின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வாயைத் துடைத்துவிட்டு எழுந்தவள், காணிக்கை யாருக்கு என்று எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, இது கொழந்தையில்ல?”

வண்டிக்காரன் ஒலிபெருக்கியின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். “கொழந்தையோட ஆவி. ரெண்டு பாட்டுதான், சட்டுனு முடிச்சிரு. சாயங்காலம் இன்னொரு எடம் இருக்கு.”

“கொழந்தை முன்னாடி நான் ஆட மாட்டேன்.”

“கல்லுடி அது!”

“கல்லுன்னா இவனுங்க ஏன் கும்புடறானுங்க? எனக்கும் இந்த வயசுல வீட்டுல ஒண்ணு இருக்கு. பாடறேன். வேணும்னா பாட்டுக்குக் குடு, வேணாம்னா வண்டியத் திருப்பு.”

அவள் மழைக்கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. கூட்டம் விசிலடித்தது, கெட்ட வார்த்தை சொன்னது, பாக்கை எறிந்தது. அவள் பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டு இறங்கிக்கொண்டாள். அந்த இடத்தில் மானம் உள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

கூட்டத்தில் இருந்த லாரி டிரைவர் கோக்சாய் கோபமாக எழுந்தான். கிம்தோவின் பட்டறைக்குக் கல் ஏற்றிவருகிறவன் அவன். “யோவ், என்னய்யா இது? காசு குடுத்தவன் என்ன, கச்சேரி கேக்கவா குடுத்தான்? அரைகுறையா செஞ்சா அவ கோவிச்சுக்க மாட்டாளா? கிம்தோ அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? சொந்தப் பொண்ணுக்கு நேர்ந்துக்கிட்டது!”

ஆபுன் பெக்ஹாவைத் திரும்பிப் பார்த்தாள். கிம்தோ யார் பெயர் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை கேட்ட பெயர்.

“அக்கா…” என்றாள். பெக்ஹா அதற்குள் வாசலைப் பார்த்து நடந்துவிட்டிருந்தாள்.

பட்டறையில் கிம்தோ யாருடைய கல்லறைக்கோ பெயர் கொத்திக்கொண்டிருந்தான். பெக்ஹா சேற்றுக் காலோடு உள்ளே வந்து அவனுக்கு எதிரே நின்றாள். அவன் சுத்தியைக் கீழே வைத்தான்.

“அவகிட்ட என்ன கேட்ட?”

“நான் கேக்கல, பெக்ஹா. சத்தியமா. கனவுல அவளாத்தான் வந்தா. கையத் தூக்கி வெரலைக் காட்டினா. மொதல்ல ஆறு, அப்புறம் ரெண்டு. நான் சும்மா கோக்சாய்கிட்டச் சொன்னேன். அவந்தான் போட்டுப் பாக்கலாம்னான். மொத தடவையே விழுந்துது.”

“எப்ப?”

“முந்தின குலுக்கல்ல.”

“வாத்துக்கறி வாங்கியாந்தியே, அப்பவா?”

“ஆமா. அதுக்கப்புறந்தான் அங்க மாவு வெச்சுப் பாத்தோம். நேத்தும் விழுந்துது.”

“கனவுல என்ன சட்டை போட்டிருந்தா?”

“என்னது?”

“லியன். என்ன சட்டை போட்டிருந்தா? முடி பின்னியிருந்தாளா, விரிச்சுப் போட்டிருந்தாளா? பேசினாளா? பசிக்குதுன்னு சொன்னாளா?”

“அதெல்லாம்… சரியா ஞாபகம் இல்ல.”

“வெரல் எத்தனைன்னு ஞாபகம் இருக்கு. சட்டை ஞாபகமில்ல.” பெக்ஹாவின் குரல் உயரவே இல்லை. “நாலு வருஷமா என் கனவுல ஒரு நாள் வந்ததில்ல தெரியுமா? எனக்குக் காட்டறதுக்கு அவகிட்ட ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“அந்த வண்டியை நான் பேசல. கோக்சாய்தான் பேசினான். எல்லாரும் அதத்தானே வைக்கிறாங்க, பெரிய சாமிக்கே…”

“ஒம்பது வயசுப் பொண்ணுய்யா அவ! செத்தவங்க எல்லாம் உங்களை மாதிரி பாக்கு மெல்லற ஆம்பளைங்கன்னு நெனச்சுட்டீங்களா? த்தூ!” அவள் துப்பியது கல் தூளில் விழுந்தது. “அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்ன? தெனமும் அவளைப் பாக்கலாம்னு சொன்ன. நான் அதை நம்பி, தெனமும் போயி அவ மூஞ்சியத் தொடச்சேன்யா. எனக்கு முன்னாடி நீ போயி அங்க மாவு தூவி வெச்சிருக்கே.”

கிம்தோ அழுதான். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஈரத்தில் ஊறிப்போன எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உளியை எடுத்துக்க” என்றாள். “நாளைக்குக் காலையில பின்வாசல் சாவி என்கிட்ட இருக்கும். நீதானே செஞ்ச? நீயே எடு. மூஞ்சி வேணாம். மூஞ்சி இருந்தாத்தானே கேப்பானுங்க?”

“நகரசபை…”

“என் வேலை போகட்டும். உன்னைப் புடிச்சு உள்ள போடட்டும். எடு.”

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தூறலாக இருந்தது. பெக்ஹா குடையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அவனுக்காக இல்லை, கல் நனைந்தால் உளி வழுக்கும் என்பதற்காக. முதலில் அவன் மூக்கை எடுத்தான். பிறகு வாய். குளத்துப் படியில் விழுந்ததில் லியனுக்கு மேலுதட்டில் வந்த சின்ன வடுவைக்கூட அவன் செதுக்கியிருந்தான், அதுவும் போயிற்று. கண்ணுக்கு வந்தபோது அவன் தன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த உடம்பின் மேல், கொத்திய கோடுகள் நிறைந்த ஒரு வெறும் கல் உருண்டை இருந்தது. பெக்ஹா சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாசல் திறக்கும் சத்தம் கேட்டது. ஓடுவதற்கு இருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவன் கோக்சாய். பின்னால் இருபது பேர் இருப்பார்கள், கையில் ஊதுபத்திக் கட்டோடு. சிலையைப் பார்த்து அப்படியே நின்றார்கள். “ஐயையோ” என்றான் ஒருவன். இன்னொருவன் மண்டி போட்டுவிட்டான். பெக்ஹா காத்திருந்தாள். இப்போது திட்டுவார்கள், அடிக்க வருவார்கள், பிறகு காறித் துப்பிவிட்டு வேறு கல்லைத் தேடிப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

கோக்சாய் மெதுவாகக் கிட்டே வந்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தான். முகமிருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினான்.

“டேய்” என்றான் ரகசியமாக. “கோடு கோடா விட்டிருக்கா பாருடா. மூஞ்சியவே குடுத்து எழுதிக் காட்டியிருக்கா.”

கூட்டம் மொத்தமும் நெருக்கியடித்துக்கொண்டு குனிந்தது. எண்ண ஆரம்பித்தார்கள். இந்தச் சின்ன வெட்டைச் சேர்க்கணுமா கூடாதா என்று ஒருவன், காதோரம் இருப்பது கணக்கில்லை என்று இன்னொருவன். யாரும் பெக்ஹாவைப் பார்க்கவில்லை, கையில் உளியோடு நின்றவனையும் பார்க்கவில்லை. ஊதுபத்திப் புகை எழும்பியது.

பெக்ஹா புருஷன் பக்கம் திரும்பினாள். கிம்தோவின் கண் அந்தக் கல் உருண்டையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

“எத்தனை?” என்று கேட்டாள்.

“முப்பத்தேழு” என்றான் அவன் சட்டென்று. பிறகுதான் கேட்டது யார் என்று திரும்பிப் பார்த்தான்.